ஷட்டர் வந்துவிட்டது, மச்சான்

என் பிரியத்துக்குரிய மச்சான்,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. ஷட்டர் வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுக்கிக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டையில் அடுத்த வருஷத்து செட்டுகளின் படங்களைக் கம்பெனிக்காரர்கள் போன செவ்வாய்க்கிழமை வெளியிட்டார்கள். ஒன்பது வருஷமாகப் பட்டியலில் நீ முதல் வரியாக எழுதியதும், ஒன்பது வருஷமாக நான் பார்த்துச் சிரித்ததும் அதில் இருக்கிறது. ஒரு வாய்க்கால், குறுக்கே இரண்டு கதவு வைத்த மதகு, மேலே ஒரு சக்கரம். சக்கரத்தைத் திருகினால் கதவு ஏறுகிறது. கரையில் நீலச் சட்டை போட்ட பொம்மை ஒன்று, கையில் கைப்பிடியோடு நிற்கிறது. மீசை கூட இருக்கிறது மச்சான்.

தண்ணீரை மட்டும் கண்ணாடி மாதிரி நீலமாகப் போட்டிருக்கிறார்கள். "நம்ம தண்ணி என்னிக்கு அத்தான் நீலமா வந்துச்சு? புதுத் தண்ணி டீ கலர்லல்ல வரும்" என்று நீ சொல்வது காதில் கேட்டது. உடனே உன் நம்பரை அழுத்திவிட்டேன். உன் மனைவி மல்லிகா எடுத்தாள். "சொல்லுங்கண்ணே" என்றாள். நான் சொல்லவில்லை. வருஷத் திதிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதை மாற்றிச் சொல்லப் பத்துப் பேர் போதாது என்றுதான் இந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நீ என் மனைவி தேவகியின் தம்பி. பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்கி, கடைமடை வரைக்கும் தண்ணீர் போகிறதா என்று கரையிலேயே நடந்து தேய்ந்தவன். நான் திருவையாற்றில் கணக்கு வாத்தியார். நம் இரண்டு பேருக்கும் பிளாஸ்டிக் கட்டைப் பைத்தியம் பிடித்தது என் மகள் கயலின் ஏழாவது பிறந்த நாளில். அவளுக்கு வாங்கின பெட்டியைப் பிரித்து, அவள் கேக் வெட்டி முடிப்பதற்குள் நாமே வீட்டைக் கட்டி முடித்துவிட்டோம். பிள்ளை அழுதது. நீதான் கலைத்துவிட்டு மறுபடி கட்டிக் கொடுத்தாய்.

அப்புறம் ஆடிப்பெருக்குப் பட்டியல். பெண்கள் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் காவிரியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்து, உரக்கடை ரசீதின் பின்பக்கம், அடுத்த வருஷம் என்னென்ன செட் வரவேண்டும், என்னென்ன பொம்மை வரவேண்டும் என்று எழுதுவோம். நான் நீராவி ரயில் கேட்பேன், கோட்டை கேட்பேன். நீ ஷட்டர். இரண்டாவது, தலைப்பாகை கட்டின விவசாயி. "இன்னிக்குக் கேட்டா ஆத்தா குடுப்பா அத்தான்" என்று ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய். என்ன பொம்மை இருக்கிறது என்று தெரியாமல் வாங்குகிற பொட்டலங்களைத் திருச்சிக் கடையில் நீ தடவித் தடவிப் பார்த்ததும், "நெல்லு ஈரம் பாக்குற மாதிரி பாக்குறீங்களே சார்" என்று கடைக்காரர் பிடுங்கிக்கொண்டதும் நினைவிருக்கிறதா? விவசாயி கிடைத்தார். வைக்கோல் தொப்பியோடு கிடைத்தார். தலைப்பாகை எப்போது வரும் மச்சான்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பின்னால் தேவைப்படும். ஒரு ஆயுத பூஜைக்கு, என் வீட்டு அலமாரியில் பிரிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த என் பெட்டிகள் அத்தனைக்கும் உன் அக்கா சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். மிக்ஸிக்கு வைத்தாள், சைக்கிளுக்கு வைத்தாள், இதற்கும் வைத்தாள். அட்டையில் ஒரு கீறல் விழுந்தாலே சேர்க்கிறவர்களுக்கு உயிர் போய்விடும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இனிமே இதை எவனும் கேக்க மாட்டான் அத்தான். சாவுற வரைக்கும் உங்களுதுதான்" என்றாய்.

இப்போது அந்த ஆவணி மாதத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

கயலைப் பெண் பார்க்கத் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்தார்கள். பையனின் பெரியப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். அந்த வீட்டில் அவர் வாக்குத்தான் வாக்கு. கூடத்துக் கண்ணாடி அலமாரி முன்னால் போய் நின்றார். அதில் நாம் கட்டினதும் சேர்த்ததும், உன்னுடையது பாதி, என்னுடையது பாதி. "வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டார். நீ பஜ்ஜித் தட்டோடு பக்கத்தில் நின்றாய். எனக்கு என்ன வந்ததோ, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எல்லாம் நம்ம மச்சானோடதுங்க. அவன் இன்னும் வளரல" என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னும் ஒரு பஜ்ஜி வைத்தாய்.

உனக்கும் மல்லிகாவுக்கும் பிள்ளை இல்லை. அது தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை என்று இந்த ஒரு வருஷத்தில் ஆயிரம் முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஏறவில்லை.

அவர்கள் போனதும் நீ இரண்டு நெல் சாக்கோடு வந்தாய். "மறுபடி வந்தாங்கன்னா, மச்சானுது இங்க ஏன் இருக்குன்னு கேப்பாங்க. கல்யாணம் முடியுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும் அத்தான்" என்று அலமாரியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு போனாய். என் பொய்யை நீ மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேவகி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "நீங்க சொன்னதை நீங்கதான் மாத்திச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் நான் செட் பேச்சை எடுத்தபோதெல்லாம் நீ மேட்டூரில் எத்தனை அடி என்று பேச்சை மாற்றினாய். தீபாவளிக்கு வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீ தீபாவளி வரைக்கும் இருக்கவில்லை. ஐப்பசி மழையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. தாய்மாமன் போன வீட்டில் உடனே எப்படி மேளம் கொட்டுவது என்று, பேசி முடித்திருந்த கயல் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள்.

இன்று காலை உன் வீட்டில் உன் வருஷத் திதி. வருஷம் முடிந்ததால், அப்படியே கல்யாணத் தேதியையும் பேசிவிடலாம் என்று பையனின் பெரியப்பாவும் வந்திருந்தார். படையல் போட்டுக் காக்கைக்கு வைத்தோம். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று வந்து, சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. உனக்கும் வடைதான் பிடிக்கும்.

நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மல்லிகா உள்ளே போய் அந்த இரண்டு சாக்கையும் இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் போட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரை வரச் சொல்லியிருந்தாள்.

"அவரு ஆசையா சேத்தது. வீட்ல வெளையாடவும் ஆளில்ல. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. "சின்னச் சின்னக் கட்டையா இருக்கும்மா. புள்ளைங்க வாயில போட்டுக்கும்" என்றேன்.

"அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்கண்ணே. வாயில போட்டுக்குற வயசா அது?"

பெரியப்பா தலையாட்டினார். "நல்ல காரியம்மா. அவருக்கும் கொழந்தை மனசு. சார்தான் அன்னிக்கே சொன்னாரே, இன்னும் வளரலைன்னு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். அங்கே இருந்தவர்கள் உன் படத்தைப் பார்த்து இலேசாகச் சிரித்தார்கள். இலை துடைத்துக்கொண்டிருந்த தேவகியின் கை அப்படியே நின்றுவிட்டது.

மல்லிகா முதல் சாக்கைப் பிரித்தாள். உன் தீயணைப்பு வண்டி, உன் விவசாயி, பாதி கட்டின பாலம், எல்லாம் டீச்சரின் பைக்குப் போயின. பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் இன்றோடு முடிந்துவிடும், கேட்க இனி யாரும் இல்லை என்றும் நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதையும் நினைத்தேன். பேசினால் சம்பந்தி வீட்டின் முன்னால் பொய்யன் ஆவேன். கயல் சென்னையில் வேலையில் உட்கார்ந்து, என்ன தேதி என்று என் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகா இரண்டாவது சாக்கின் முடிச்சில் கைவைத்தாள்.

"அதை அவுக்காத தங்கச்சி. அது என்னுது."

பெரியப்பா, "எது சார்?" என்றார்.

"அந்த மூட்டை முழுக்க என்னுதுங்க. அன்னிக்கு எங்க வீட்டு அலமாரியில நீங்க பாத்ததுல பாதி என்னுது. அவன் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், இதுக்குப் போயா பொய் சொன்னீங்க?"

"ஆமாங்க. இதுக்குப் போய்த்தான்."

மல்லிகா முடிச்சை அவிழ்த்து மேலே இருந்த பெட்டியை எடுத்தாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி வச்ச பொட்டு அப்படியே இருக்கு. எனக்குத் தெரியாதாண்ணே, இது யாருதுன்னு? ஒரு வருஷமா, இன்னிக்குக் கேப்பீங்க நாளைக்குக் கேப்பீங்கன்னு பாத்தேன். இப்பவும் வாயத் தொறக்கலைன்னா புள்ளைங்களுக்கே போயிருக்கும்" என்றாள். கோபம்தான். கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்புறம் சாக்குக்குள் கையை விட்டு, காய்ந்த நொச்சி இலைகளை ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். "பூச்சி அரிக்கக் கூடாதுன்னு வெதநெல்லுக்குப் போடுற மாதிரி போட்டு வச்சாரு. ரெண்டு மாசத்துல நாலு தடவை அவுத்துப் பாத்துட்டுக் கட்டுனாரு. அத்தான் பெட்டி நசுங்கிடக் கூடாதுன்னு."

உன்னுடைய சாக்கில் ஓர் இலை இல்லை மச்சான். அதைப் பார்த்துத்தான் அழுதேன். அத்தனை பேர் முன்னால், சம்பந்தி முன்னால், கணக்கு வாத்தியார் உடைந்து அழுதேன். நீ என்மேல் கோபமாக இருந்தாயா இல்லையா என்று ஒரு வருஷம் மண்டையைக் குடைந்துகொண்டேனே, கோபமாக இருந்துகொண்டேதான் இலையும் போட்டாயா?

பெரியப்பா சாப்பிட்டார். கைகழுவ எழுந்தவருக்கு நான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். அவர் விரல் விரலாகக் கழுவினார். சொம்பு காலியாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. பிறகு தலையைத் தூக்காமலே, "தாய்மாமன் சீர் யாரு எடுக்குறாங்க?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து மல்லிகா, "நான் எடுக்குறேன். அவரு இடத்துல நான் நிக்கிறேன்" என்றாள். அவளைத் தட்டு எடுக்கச் சொல்லலாமா என்று முணுமுணுக்க அங்கே ஆள் இருந்தார்கள். பெரியப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "எடும்மா. மாசியில வச்சுக்கலாம்" என்றார்.

மத்தியானமே என் மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெட்டிகளைப் பழைய அலமாரியில், கூடத்தில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கிவிட்டேன். உன் பாதி காலியாகத்தான் இருக்கிறது. இந்த ஆடிப்பெருக்குக்கு நான் தனியாகப் படியில் உட்கார்ந்து, ரசீதில் ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து வந்தேன். வருகிற ஆடிக்கு எழுதுவேன். முதல் வரி தலைப்பாகை.

ஷட்டர் தை மாதம் கடைக்கு வருமாம். திருச்சிக் கடைக்காரரிடம் இன்று சாயங்காலமே சொல்லி வைத்துவிட்டேன். மாசிக்குள் வந்துசேர வேண்டுமே என்று பதைப்பாகத்தான் இருக்கிறது. வந்துவிட்டால், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு: கயல் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் ஏழு தட்டு. ஆறு தட்டில் புடவை, வளையல், பூ, பழம் எல்லாம் இருக்கட்டும். ஏழாவது தட்டில் ஷட்டர் இருக்கும். பெட்டியைப் பிரிக்க மாட்டேன். உன் அக்காவையே சந்தனம் தடவிப் பொட்டு வைக்கச் சொல்லுவேன். மண்டபத்தில் யாராவது ஒருத்தர் நின்று, இது யாருடையது என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

"எங்களுது" என்று சொல்வேன், மச்சான்.

பாதிக்குச் சொந்தக்காரன்,
உன் அத்தான்