இருமலும் காளான் அறையும்

பிப்ரவரி 18

என்னங்க,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை. அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனவர், சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டீர்களே. தினமும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பைகளில் வைக்கோல் முழுக்க வெள்ளை இழை படர்ந்துவிட்டது. இனி மேல்மண் போட்டால்தான் காளான் தலைகாட்டும். தோட்டத்து மண்ணும் மணலும் கலந்து, சுண்ணாம்புத் தூள் தூவி, துணியில் கட்டி ஆவியில் வேகவைத்தேன். மண்ணைப் போய்ச் சமைக்கிறாளே என்று சிரித்திருப்பீர்கள். சூடு தணிந்ததும் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும்.

கல்யாணமான பிறகு எனக்கென்று நான் ஆரம்பித்த முதல் வேலை இது. அதைப் போய் விஷம் என்றீர்களே, மனசு தாங்கவில்லை.

உங்கள்
வாயாடி

மார்ச் 1

அன்புள்ள வாயாடிக்கு,

கண்ணாடி வந்தது. விஷம் என்றது தப்புதான். ஆனால் அந்த அறைக் கதவைத் திறந்தாலே எனக்கு இருமல் பிடுங்குகிறது. நீதான் நம்ப மாட்டேன் என்கிறாய். ஈர வைக்கோல் நெடி நெஞ்சில் தங்கிவிடும் என்று ஆபீஸில்கூடச் சொல்கிறார்கள். ஒன்று அந்தப் பைகள் இருக்கட்டும், இல்லையா, நான் இருக்கிறேன். முடிவு உன் கையில்.

இங்கே சௌகரியம்தான். அண்ணன் பிள்ளைகளுக்குப் பரீட்சை, என் இருமலில் தூக்கம் கெடுகிறதாம். படுக்கையைக் கீழே முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இப்போது அந்தத் தொல்லையும் இல்லை. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன். எல்லாம் உன் சாப்பாடு இல்லாத குறை.

உன்
வீட்டுக்காரன்

மார்ச் 4

என்னங்க,

பைகளா நீங்களா என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தேன். இன்னொரு தரம் படித்தபோது கை ஓடவில்லை.

பைகள் இங்கே இருக்கின்றன. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். பிறகு ஏன் இன்னும் இருமுகிறீர்கள்?

உங்கள் அண்ணிக்குப் போன் போட்டேன். "டாக்டர்கிட்ட போங்கன்னு தினம் சொல்றேன்மா. அது வைக்கோல் நெடி அண்ணி, தானா போயிடும்னு சிரிக்கிறாரு" என்றார்கள்.

இன்று காலைதான் மேல்மண்ணைத் தள்ளிக்கொண்டு மொட்டு வந்திருக்கிறது. இதைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டேன். அறை வாசலில் நின்று, இதுகளே காரணமாக இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதுகள்தான் என்றால் ஒரே நாளில் வாரிக் கொட்டிவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் இன்றே பக்கத்து வீட்டுக்காரர் கையில் வந்துவிடும். நாளைக் காலை நான் வருகிறேன். நேரே ஆஸ்பத்திரி. ஆபீஸ், லீவு என்று சாக்கு சொல்லாதீர்கள். வீட்டில் பெண்டாட்டி காளான் வளர்க்கிறாள் என்று நீங்களே டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் என்னைத் திட்டட்டும். திட்டினால் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

உங்கள்
வாயாடி