எழுபத்தெட்டு விழுக்காடு

ஷெபாய்கன், விஸ்கான்சின்
ஜனவரி 19, 2003

அன்புள்ள மார்லிஸ்,

நலம்தானே? டுலூத் குளிர் ஒத்துக்கொள்கிறதா? நீ போய் நான்கு மாதமாகிறது. போன் செய்தால் உன் அக்கா டோரிஸ் எடுத்து, “அவ குளிக்கிறா” என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாய்? அதனால்தான் கடிதம்.

நீ போன பிறகு காய்ச்சிய மூன்று பியரும் சொதப்பல். அதே பார்லி, அதே தொட்டி. ஹைட்ரோமீட்டரில் இனிப்பு ஐம்பத்துநான்கு காட்ட வேண்டிய சாறு நாற்பத்திரண்டுதான் காட்டுகிறது. பார்லியின் இனிப்பில் எழுபத்தெட்டு விழுக்காட்டைத் தண்ணீரில் இறக்குகிறவன் என்று பியர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தில் பெயர் வாங்கியவன் நான். இப்போது அறுபத்தொன்று. மே மாதம் எல்லோர் முன்னாலும் காய்ச்சிக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தபோது இப்படி ஆனதே இல்லை. திரும்பி வந்துவிடேன்.

உன்,
வெண்டல்

டுலூத்
ஜனவரி 28, 2003

அன்புள்ள வெண்டல்,

நலம். குளிர் பழகிவிட்டது. நீ மஃப்ளர் சுற்றிக்கொண்டு போ.

பார்லியை இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக அரைத்துப் பார். சாறு ஆறிய பிறகு அளந்து பார். சூடாக அளந்தால் எண் குறைத்துத்தான் காட்டும். ஹைட்ரோமீட்டரை வெறும் தண்ணீரில் மிதக்கவிடு, பூஜ்யம் காட்டுகிறதா பார். முக்கியமாக, தொட்டியின் வடிகுழாயைச் சாறு நூல் மாதிரி ஒழுகும் அளவுக்கு மட்டும் திற. ஒரு மணி நேரம் வடியட்டும்.

வருவதைப் பற்றிக் கேட்காதே.

மார்லிஸ்

ஷெபாய்கன்
பிப்ரவரி 9, 2003

அன்புள்ள மார்லிஸ்,

அரைத்தேன், ஆறவைத்தேன், தண்ணீரில் விட்டேன். பூஜ்யம் சரியாக இருக்கிறது. மறுபடியும் நாற்பத்திரண்டு. குழாய் விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. இருபது வருஷமாக முழுக்கத் திறந்துவிட்டுத்தானே எழுபத்தெட்டு எடுத்தேன்? குழாயில் கோளாறு இருக்க வழியில்லை. வேறு ஏதாவது யோசித்துச் சொல். உன் நாற்காலி காரேஜில் அப்படியே இருக்கிறது.

வெண்டல்

டுலூத்
பிப்ரவரி 20, 2003

அன்புள்ள வெண்டல்,

குழாய்தான் கோளாறு. எப்போதும் அதுதான். அறுபத்தொன்றுதான் உன் எண்.

நீ வடித்த சக்கையை அள்ளிக்கொண்டு க்ரூகர் வீட்டுக் கோழிகளுக்குப் போடப் போவாய். திரும்பி வர இருபது நிமிடம் ஆகும். அதற்குள் ஒன்றரை பவுண்டு இனிப்பு மால்ட் தூளை வெந்நீரில் கரைத்து அடுப்பிலிருக்கும் சாற்றில் ஊற்றிவிடுவேன். வடித்த கையோடு ஒரு தடவை அளந்திருந்தால் பிடித்திருப்பாய். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தூள் டப்பா தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே ‘கஞ்சிப் பவுடர்’ என்று எழுதியிருப்பேன்.

நான் கரைத்தும் எண் ஒன்றிரண்டு குறைந்துவிட்டால் சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமை வரை நீ என்னோடு பேச மாட்டாய். நான் ஸ்பூன் வைக்கும் சத்தம்கூட உனக்கு ஆகாது. குழாயைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னேன். கையிலிருந்த ஜாடியைச் சுவரில் அடித்தாய். எண் சரியாக வந்தால், “எழுபத்தெட்டு, எழுதிக்கோ மார்லிஸ்” என்று தோளில் தட்டுவாய். அந்த ஒரு தட்டுக்காகக் கரைத்துக்கொண்டே இருந்தேன்.

போன செப்டம்பரில் டப்பா காலியாகிவிட்டது. வாங்கப் போனேன். கடை வாசலில் காரை நிறுத்தியவளுக்கு இறங்க முடியவில்லை. அங்கிருந்து நேராக இங்கே வந்துவிட்டேன்.

மார்லிஸ்

ஷெபாய்கன்
மார்ச் 16, 2003

என் அன்பு மார்லிஸ்,

டப்பாவைப் பார்த்தேன். கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

நேற்று குழாயை நூல் மாதிரி திறந்துவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வந்தது. எழுபத்திரண்டு விழுக்காடு. “எழுதிக்கோ” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உன் நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மே மாதம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். நீ வா. எண் எதுவாக வந்தாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன்.

நோட்டில் இருநூற்று முப்பத்தொரு தடவை காய்ச்சிய கணக்கு இருக்கிறது. எல்லாம் உன் கையெழுத்து. அதில் நீ கை வைக்காதது எது? ஒன்றாவது இருந்தால் சொல்.

உன்,
வெண்டல்

டுலூத்
ஏப்ரல் 2, 2003

வெண்டல்,

முதல் தடவை மட்டும். 1981, மாடி வீட்டுச் சமையலறை. முப்பத்தெட்டுதான் வந்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். “போனாப் போகுது, குடிக்கலாம் வா” என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு உன்னிடம் பயம் இல்லை.

நான் வர மாட்டேன். நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடு.

ஐம்பது நல்ல எண். நோட்டில் நீயே எழுதிக்கொள்.

மார்லிஸ்