உன் விரலுக்குச் சிக்காத ஈ

கண் பரிசோதனைக்குப் புது ஈப் படம் வந்திருக்கிறது. காலையில் உறையைப் பிரித்ததும் அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன்மேல் கோபம் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். சிரிப்பு, அழுகையெல்லாம் அப்புறம்.

மாறுகண் பிள்ளைகளைப் பரிசோதிக்கிற ஆர்த்தாப்டிக்ஸ் படிப்பில் நாம் மொத்தம் ஆறு பேர். நோயாளி வராத நாளில் நாமே ஒருவருக்கொருவர் நோயாளி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ராட்சச ஈயைப் பார்த்தால், இரண்டு கண்ணும் ஒத்துழைக்கிறவர்களுக்கு இறக்கை படத்தைவிட்டு எழும்பி நிற்கும். கிள்ளப் போனால் விரல் காற்றிலேயே நின்றுவிடும். நீ கிள்ளுவாய் பார், அடேயப்பா! "ஐயே, மூஞ்சி மேல வருதுடி" என்று சுளிப்பு வேறு. அடுத்த பக்கத்து வட்டங்களில் எது எழும்புகிறது என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாய். எல்லாம் சரியாக இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவசரத்தில் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி நீட்டிவிட்டேன். அப்படிப் பிடித்தால் யார் கண்ணுக்கும் எதுவும் எழும்பாது. நீயோ வழக்கம்போலக் காற்றைக் கிள்ளினாய்.

"ஏய், நெசமா தெரியுதா?"

"ஏன், நல்லாத்தானே நிக்குது!"

படம் இருந்த கோலத்தைக் காட்டினேன். உன் முகம் செத்துவிட்டது. சின்ன வயதில் உனக்கும் மாறுகண்ணாம். ஆபரேஷனில் கண் நேரானதே தவிர, இரண்டும் சேர்ந்து பார்க்கவே இல்லையாம்.

"விடையெல்லாம் சீனியர் நோட்டப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டேன்டி. சொல்லிடாத, படிப்ப விட்டு அனுப்பிடுவாங்க. எங்கப்பா பாண்டி பூரா கண்ணுக்குப் படிக்கிறா, கண்ணுக்குப் படிக்கிறான்னு சொல்லி வச்சிருக்காரு."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மறுநாளே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'நோயாளிகளின் நலன் கருதி' என்று ஆரம்பம். நலனாவது மண்ணாங்கட்டியாவது, பொறாமை! அதைப் பையில் வைத்துக்கொண்டு உன்னோடு உட்கார்ந்து உன் டப்பா எலுமிச்சை சாதத்தையும் தின்றேன். செய்முறைத் தேர்வு முடிந்ததும் கொடுத்துவிடுவது என்று முடிவு.

தேர்வில் உனக்கு வந்தது வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவின் மகள். முன்னால் போன பிள்ளைகள் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குட்டி, அழகாகக் காற்றைக் கிள்ளியது. தேர்வாளராக உட்கார்ந்திருந்த நம் ஆசிரியர் தலையாட்டிவிட்டார். நீ பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம்.

"சார், இது பொய் சொல்லுது."

அம்மாக்காரி எழுந்துவிட்டாள். "யார்ம்மா நீ? எம்பொண்ணயா பொய் சொல்லுதுங்குற?"

"எப்படிச் சொல்றே?" என்றார் தேர்வாளர்.

"கிள்றதுக்கு முன்னாடி ஈயப் பாக்கல சார், என் மூஞ்சியப் பாத்துச்சு. நானும் அப்படித்தான் பாப்பேன். எனக்கும் எழும்பாது."

அவர் படத்தை வாங்கிப் பக்கவாட்டில் திருப்பி நீட்டினார். குட்டி மறுபடி காற்றைக் கிள்ளியது. அவர் அதையும் பார்த்தார், உன்னையும் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா எங்க எல்லாரையும் ஏமாத்தினியா?"

"ஆமா சார்."

அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கியது. உன்னை யாரும் அனுப்பவில்லை. தேர்வில் முதலாவதாக வேறு வந்து தொலைத்தாய்.

கடிதத்தைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டேன். உன் கல்யாணத்தன்று சொல்ல நினைத்தேன். கடைசியில் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் வாய் வரவில்லை. "என்னடி, மூஞ்ச இப்படித் தொங்கப் போட்டிருக்க?" என்று நீதான் என்னைத் தேற்றினாய்.

இன்றைக்கும் பிள்ளைகள் கிள்ளும்போது நான் விரலைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறேன். அது நீ சொல்லித் தந்தது. ஆனால் அன்று நீயாக வாயைத் திறந்திருக்காவிட்டால், கடிதத்தை நிச்சயம் கொடுத்திருப்பேன்டி. இப்போது சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயேன்.