அப்படி யாரும் இங்கே இல்லை

என் செல்லப் பேரனுக்கு,

பாட்டி எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன்னிடம் இனி பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருப்பதால் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். உன் அம்மா தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். எனக்குக் கை இருக்கிறது, ஐந்தாம் வகுப்பு வரை படித்த படிப்பும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொல்லாமல் போய் இன்றைக்குப் பதினைந்து நாள். நேற்று ஸ்பேனர் வந்தான். உன் கூட வேலை பார்க்கிறவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, நீ கூப்பிடுகிற பேர்தான் எனக்கும் வாயில் வருகிறது. உன் டூல்ஸ் பையைக் கேட்டான். அப்படியென்றால் நீ இருக்கிறாய், வேலைக்கும் போகிறாய் என்று எனக்கு உயிர் வந்தது. எங்கேடா இருக்கான் என்று கேட்டதற்கு, "சத்தியம் வாங்கிட்டான் பாட்டி, என்னைக் கேக்காதீங்க. தூரமான ஊரு, அவ்வளவுதான்" என்றான். சோறு போட்டும் பார்த்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டான், வாயை மட்டும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பையை எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான். பையைத் திறந்ததும் நீ முதலில் தேடுவது டெஸ்டரை என்று எனக்குத் தெரியும். அதோடு சேர்த்து இந்தக் கடிதத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கிறேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ போன மறுநாள் உன் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு சின்ன அட்டை இருந்தது. ஆலோசனை மையம் என்று போட்டு, கீழே ஒரு டெலிபோன் நம்பர். பின்பக்கம் சின்ன எழுத்தில், இடம் கிடைத்ததும் அழைப்போம், மூன்று முறை அழைத்தும் பேச முடியாவிட்டால் அடுத்தவருக்கு இடம் கொடுக்கப்படும் என்று அச்சடித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். அந்த நம்பரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. என் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தேன். மூன்று தடவை வந்திருந்தது. மூன்று தடவையும் நான் பேசியிருக்கிறேன்.

உன் போன் உடைந்துபோனதால் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். எனக்கு எப்படியடா தெரியும்? முதல் தடவை ஒரு சின்னப் பெண் குரல், உன்னைக் கேட்டது. யாரும்மா நீ என்றால், "தனிப்பட்ட விஷயம்மா, அவர்கிட்டயே சொல்லிக்கிறேன்" என்றது. எனக்கு வந்தது கோபம். "அவனுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு, போனை வை" என்றேன். அடுத்த வாரம் ஒரு ஆண் குரல். அதுவும் எங்கிருந்து என்று சொல்லவில்லை. உன்னைக் குடிக்கக் கூப்பிடுகிற கூட்டம் என்று நினைத்து, வெளியூர் போய்விட்டான் என்றேன். மூன்றாவது தடவை மறுபடி அந்தப் பெண். நான் அதை முடிக்கவே விடவில்லை. "அப்படி யாரும் இங்க இல்ல" என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "யாராவது கூப்பிட்டாங்களா பாட்டி?" என்று கேட்டாய். தினமும் கேட்பாய். தினமும் யாரும் கூப்பிடவில்லை என்று சொல்வேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை வேறு. நாலாம் நாள், "அங்கயும் என்னை வேணாம்னுட்டாங்க பாட்டி" என்றாயே, ஏதோ வேலை விஷயம் என்று நினைத்தேன். போனால் போகட்டும், உன் கால் தூசுக்கு அந்த முதலாளி பெற மாட்டான் என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன். திரும்பி உன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை கண்ணு. கூப்பிட்டார்கள். நான்தான் இல்லை என்று சொன்னேன்.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். டயர் கடைக்கு மேல்மாடி. நீயும் அந்தப் படியில்தான் ஏறியிருப்பாய். ஏறுவதற்கு ஒரு படி, இறங்குவதற்குப் பின்பக்கம் இன்னொரு படி, வருகிறவரும் போகிறவரும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டாமாம். நாற்காலி எல்லாம் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டோக்கன்தான். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சின்னப் பெட்டி மழை பெய்கிற மாதிரி இரைந்துகொண்டிருக்கிறது. குடை கொண்டுவரவில்லையே என்று நான் எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தேன், வெயில் கொளுத்துகிறது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்களாம்.

முன்னால் மேஜையில் இருந்த பெண்ணின் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் கல்யாணம் முடிச்சாச்சு என்று விரட்டிய அதே பெண். தங்கமான பிள்ளை. ஆனால் உன் பேரைச் சொன்னதும், "அவர் இங்க வர்றார்னும் சொல்ல மாட்டோம், வரலைன்னும் சொல்ல மாட்டோம் பாட்டிம்மா, விதி அப்படி" என்றாள். போனில் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லாததும் அதற்காகத்தானாம். வீட்டில் வேறு யாராவது எடுத்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். நீங்கள் மறைத்தீர்கள், நானும் மறைத்தேன், நடுவில் என் பேரன் போய்விட்டானே என்று கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

பொதுவாக என்றால் சொல்வாளாம். சரி என்று நானும் பொதுவாகவே கேட்டேன். "பொதுவா ஒரு பையன், லிஃப்ட் மெக்கானிக், புருவத்துல தழும்பு, அவனுக்கு இடம் போயிடுச்சுன்னா என்ன பண்றது?" சிரித்துவிட்டாள். "பொதுவா யாரா இருந்தாலும், கடைசியா கூப்பிட்ட நாள்லேருந்து முப்பது நாளைக்குள்ள அவரே பேசினா, பழைய வரிசையிலயே சேத்துக்குவோம். அதுக்கப்புறம்னா முதல்லேருந்து" என்றாள். முதலிலிருந்து என்றால் அறுபது பேருக்குப் பின்னால். நான் பேசுகிறேனே, அவன் அம்மா பேசட்டுமே, கையெழுத்துப் போட்டுத் தருகிறோமே என்று எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தேன். எதுவும் செல்லாது. உன் வாயால் நீ பேச வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இல்லை என்று சொல்லி இன்றோடு பத்தொன்பது நாள் முடிகிறது. பதினோரு நாள் இருக்கிறது. பை உன் கைக்கு வரும்போது எத்தனை மிச்சம் இருக்குமோ.

அங்கே சனிக்கிழமை மத்தியானம், வருகிறவர்களின் குடும்பத்தாருக்கு என்று ஒரு கூட்டம் நடக்கிறது. யாருடைய குடும்பம் என்று சொல்ல வேண்டியதில்லை என்பதால் என்னையும் உட்காரவிட்டார்கள். வட்டமாக எட்டு நாற்காலி, நடுவில் தண்ணீர் ஜாடி. முதல் வாரம் என் முறை வந்ததும் உன் பெருமையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு மாடி லிஃப்ட்டை ஒரே ஆளாகச் சரி செய்தவன், முதலாளியே கை கொடுத்தார் என்றெல்லாம் அளந்தேன். பக்கத்தில் இருந்த தையல்காரர் மட்டும் மெதுவாக, "என் மகனும் அப்படித்தாம்மா, சட்டை வெட்டினா ஒரு நூல் பிசகாது" என்றார். அவர் மூன்று வருஷமாக வருகிறாராம்.

இரண்டாவது வாரம் போன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உன் பழைய கூட்டாளி லிஃப்ட் பள்ளத்தில் விழுந்த நாளிலிருந்து நீ தூங்காததையும், குடிக்க ஆரம்பித்ததையும், அதை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்காததையும் சொன்னேன். கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தோம் போலிருக்கிறது. ஆலோசகர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவர் குடிக்கிறதை நீங்க ஆரம்பிச்சு வைக்கலம்மா. நீங்க நிறுத்தவும் முடியாது. போனை எடுக்கிறதுதான் உங்க கையில இருக்கு" என்று தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். எழுபத்திரண்டு வயதுக்கு இவ்வளவுதானா என் கையில் என்று இருந்தது.

உன் அம்மா முன்போல் பேசுவதில்லை. என்மேல் கோபமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். உன் தட்டைத் தினமும் கழுவி வைக்கிறாள், யாரும் சாப்பிடாத தட்டை.

பையில் எல்லாம் இருக்கிறது. ஸ்குரு டிரைவர்களைத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன். பையைக் கொடுக்காமல் ஒளித்துவைத்தால் நீ வேலைக்கு இறங்க மாட்டாயே என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் உன் பாதுகாப்பு பெல்ட்டும் இதில்தான் இருக்கிறது, அது இல்லாமலே இறங்குகிற ஆள் நீ என்பதால் கொடுக்கிறேன். பெல்ட்டின் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். குடித்த நாளில் பள்ளத்தில் இறங்காதே ராசா. குடிக்காதே என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா? அதைச் சொல்லி எதுவும் ஆகாது என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் கற்றுக்கொண்டேன். இறங்காதே என்று மட்டும் கேட்கிறேன்.

அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். நம்பர் அழிந்துவிடுமோ என்று கீழே பெரிதாக எழுதியும் இருக்கிறேன். நீ எனக்குப் பேச வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்று சொல்ல வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம், அதற்கு நாள் கிடக்கிறது. அந்த நம்பருக்கு மட்டும் ஒரு தடவை பேசு. இந்தத் தடவை என் நம்பரைக் கொடுக்காதே.

அப்படியே கொடுத்தாலும் பயமில்லை. இப்போது போனை இடுப்பிலேயே வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் முதல் வார்த்தையாக, ஆமாம், இது அவன் வீடுதான், சொல்லுங்க என்கிறேன். நேற்று ஏதோ தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிற பெண் கூப்பிட்டாள். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். பாவம், யார் வீடு என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன்.

நீ எங்கே இருந்தாலும் கால் வைக்கிற இடம் உறுதியாக இருக்கட்டும். அப்படி யாரும் இல்லை என்று சொன்ன இதே வாயால் உன்னை நூறு வருஷம் இருக்கச் சொல்லி வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் பாட்டி