பின்சீட்டில் இருப்பவர்

சுடலைமாடன் துணை

பசுவந்தனை,
மாசி 3, சனிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை செல்வக்குமாருக்கு இசக்கிமுருகன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இசக்கிச்செல்வியும் பிள்ளையும் சுகம். அங்கே நீயும் தங்கச்சி காளீஸ்வரியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதன்பிறகு நான் யாருக்கும் எழுதியதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பன்னிரண்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இந்த விஷயத்தை நான் போனில் சொல்லியிருக்க முடியாது. இடைசெவல் மந்திரமூர்த்தி அண்ணாச்சி வருகிற வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கடைசியாக நீ வீடியோவில் பேசியபோது உன் காரைக் காட்டச் சொன்னாய். காட்டினேன். சக்கரத்துக்கு மேலே நாலு விரல் இடைவெளி தெரிகிறதே, நான் அனுப்பிய ஸ்பிரிங்கை ஏன் கழற்றினாய் என்று கேட்டாய். அப்புறம் மீட்டரைக் காட்டச் சொன்னாய். கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு, "ஏலே, எம் வண்டிய வாடகைக்கு ஓட்டுதியா?" என்று ஒரு கேள்வி கேட்டாய். வேறு எவன் கேட்டிருந்தாலும் ஸ்பானரால் பதில் சொல்லியிருப்பேன். நீ கேட்டதால் வாயடைத்து நின்றுவிட்டேன். நான் பதில் சொல்லாததை நீ திருட்டுமுழி என்று நினைத்திருப்பாய்.

வண்டி வாடகைக்கு ஓடவில்லை மாப்பிள்ளை. போன ஆடியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், உன் அப்பாவை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். மாமாவுக்கு இரண்டு கிட்னியும் நின்றுவிட்டன. இடது கையில் ஊசி குத்தி, நாலு மணி நேரம் மெஷினில் படுக்கவைத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். லேசாகச் சர்க்கரை, லேசாகக் கால் வீக்கம் என்று உன்னிடம் அவர் சொல்லி வருகிறாரே, அந்த லேசு இதுதான்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். ஆடியிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பாய். டாக்டர் சொன்ன அன்றைக்கே மாமா என்னை உங்கள் பிஞ்சைக் காட்டுப் பக்கம் இருக்கிற சுடலைமாடன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தார். "அவன் அம்மை சாவுக்குன்னு வந்து ஒரு வேலைய விட்டான். எனக்காகவும் ஒண்ண விடவேண்டாம். எம்மவன்கிட்ட வாய் தொறக்க மாட்டேன்னு அணைலே" என்றார். நானும் அணைத்துவிட்டேன். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன் மீறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இப்போதும் நான் வாய் திறக்கவில்லை, கையால்தான் எழுதுகிறேன். மாடன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் அவன் காலில் விழுந்து பார்க்கிறேன். அவன் பேரைப் போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன்.

இப்போது ஷாக் அப்சார்பர் விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கி விட்டுப்போன வண்டியில் நாலு ஷாக்குமே ஆயில் கசிந்து செத்துப்போயிருந்தன. நம் ரோடு உனக்குத் தெரியாததா? மழைக்குக் கரிசல் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், மேலே போட்ட தாரும் அதோடு சேர்ந்து அலை அலையாகக் கிடக்கும். செத்த ஷாக்கோடு அதில் போனால் ஒரு மேட்டுக்கு வண்டி நாலு தடவை ஆடும். தொட்டில் மாதிரி சுகமாக இருக்கும் என்று நினைப்பாய். மெஷினிலிருந்து இறங்குகிற மனுஷனுக்குப் பிரஷர் விழுந்து தலை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில் மாமா ஒவ்வொரு முறையும் பாதி வழியில் வாந்தி எடுத்தார். அதனால்தான் ஐப்பசியில் உன்னிடம் ஷாக் போய்விட்டது என்று சொன்னேன். தப்பு என்னுடையதுதான். ஷாக் போய்விட்டது என்றேனே தவிர, பின்சீட்டில் யார் இருக்கிறார் என்று சொல்லவில்லை. லீவில் வந்து நீ ஓட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டு, கார்ப் பந்தயக்காரன் மாட்டுகிற, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்டை அனுப்பிவைத்தாய்.

சரக்கு முதல்தரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டி நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் வண்டி துளி சாயவில்லை, ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது. நானே நூற்றுப்பத்தில் போய்விட்டு, மாப்பிள்ளைக்கு விவரம் உண்டு என்று மெச்சிக்கொண்டேன். ஆனால் அந்த ஸ்பிரிங் கட்டை மாதிரி விறைப்பு. பசுவந்தனை ரோட்டில் ஒரு கூழாங்கல் மேல் ஏறினால்கூட அது முதுகுத்தண்டில் வந்து சொல்லும். மாமாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஜோரா இருக்கு. எம்மவன் அனுப்புனதுல்லா" என்றார். அடுத்த முறையும் அதே பதில். மூன்றாவது வாரம், நான் போவதற்குள் மனுஷன் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வாசலில் கார் நிற்கிறது, இவர் பஸ்ஸில் போகிறார். கேட்டால், சும்மா நாலு முகத்தைப் பார்க்கலாமே என்று போனேன் என்கிறார். எனக்குப் பொறி தட்டியது. லேத் பட்டறை சுடலைராஜை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்தேன், மாமா திரும்பி வரும்போது படுப்பதுபோல. இருபது வருஷமாக ஷாக் மாட்டுகிறேன் மாப்பிள்ளை. ஒருநாளும் பின்சீட்டில் படுத்துப் பார்த்ததில்லை. ஓட்டுகிறவனுக்குப் பள்ளம் முன்னாலேயே தெரியும், உடம்பைத் தயார் செய்துகொள்வான். பின்னால் கண்ணை மூடிக் கிடக்கிறவனுக்கு ஒவ்வொன்றும் திடீரென்று விழுகிற அடி. ஊசி குத்திய கையை மாமா மறுகையால் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். குளிருக்கு என்று நினைத்திருந்தேன். குலுக்கலில் கை எங்கும் இடித்துவிடக் கூடாதென்று அப்படி வந்திருக்கிறார். ஷெட்டுக்கு வந்து இறங்கியதும் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சுடலைராஜ் பார்க்க வேண்டாம் என்றுதான்.

உன் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங் பத்திரமாக இருந்தது, அதைப் போட்டேன். அதில் வண்டி உயர்ந்து நிற்கும், நீ பார்த்த நாலு விரல் இடைவெளி அதுதான். ஆனால் நீ அனுப்பிய ஷாக் நாலும் வண்டியில்தான் இருக்கின்றன, அதை நம்பு. அதில் ஒரு திருகு இருக்கிறதே, ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டிக் குறைக்கிற திருகு, அதுதான் என்னைக் காப்பாற்றியது. ரொம்ப இளக்கினால் பழையபடி ஆட்டமும் வாந்தியும். ரொம்ப இறுக்கினால் அடி. மாமா உள்ளே மெஷினில் கிடக்கிற நாலு மணி நேரமும் நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வண்டிக்கு அடியில் கிடந்தேன். போகும்போது ஒரு செட்டிங், வரும்போது ஒரு செட்டிங். வாட்ச்மேன் முதலில் திட்டினார், அப்புறம் அவரே வந்து, இன்னைக்கு எத்தனை கிளிக் என்று கேட்க ஆரம்பித்தார். முன்னால் கொஞ்சம் இறுக்கம், பின்னால் அதைவிட நாலு கிளிக் இளக்கம், டயரில் காற்று இரண்டு பாயிண்ட் குறைவு, வேகம் நாற்பதுக்கு மேல் கிடையாது. வண்டி மேட்டில் ஒருதடவை எழும்பி ஒருதடவை அமரும், அதோடு அடங்கிவிடும்.

மாமாவிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, எதைக் கேட்டாலும் ஜோர் என்பார். அவர் தூங்கினால் செட்டிங் சரி என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். போன வியாழக்கிழமை தூங்கினார். ஊர் எல்லை வந்தது, பருத்திக்காட்டைத் தாண்டினோம், உங்கள் தெருமுனை வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. அப்படியே நேராக ஓட்டப்பிடாரம் ரோட்டில் விட்டேன். அங்கேவரை போய் மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தேன். வாய் லேசாகத் திறந்தபடி, கையை அணைக்காமல் தொங்கவிட்டுத் தூங்கினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மாசி 7, புதன்கிழமை.

மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்து நாலு நாள் ஆகிறது. படித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வித்தைக்காரன்போல எழுதியிருக்கிறேன். கிழிக்கவில்லை, ஸ்பிரிங்கை ஏன் கழற்றினேன் என்று உனக்குத் தெரிய வேண்டுமே.

திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுக்கப் போனேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளம்புவோமா என்றேன். "நீ ஷெட்டுக்குப் போ மருமவனே, நான் இனி வரல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், இன்னும் எங்கே இடிக்கிறது, சொன்னால் அதையும் சரிசெய்கிறேன் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "வண்டியில குத்தம் ஒண்ணும் இல்லலே. மெத்தையில போறாப்புலதான் இருக்கு. போயிட்டு வந்து யார் மூஞ்சியில முழிக்கப் போறேன், அதச் சொல்லு" என்றார்.

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிட்டால் நான் என் வீட்டுக்குப் போய்விடுகிறேன். இசக்கிச்செல்வி உப்பில்லாமல் ஆக்கிய சோற்றைக் கொண்டுபோய் மூடிவைத்துவிட்டு வருவாள். ஒருநாளைக்கு அரைச் செம்புத் தண்ணீர்தான் குடிக்கலாம். அந்தச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ போன் செய்கிற ஞாயிற்றுக்கிழமை வரை அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஏழு மாசமாக நான் ரோட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குலுக்கல் நின்றால் வந்துவிடுவார் என்று நம்பினேன். குலுக்கல் நின்றதும்தான் அவருக்கு யோசிக்கத் தோதுப்பட்டதுபோல.

ஒரு முறை தவறினாலே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று முழுக்கக் கெஞ்சினேன். நேற்று இசக்கிச்செல்வி வந்து, பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்து அழுதாள். அதற்குத்தான் இறங்கி வந்தார். நேற்று போய் நர்ஸ் அம்மாவிடம் காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லி மெஷினில் படுக்கவைத்தேன். ஆனால் ஒரு பேச்சு வைத்திருக்கிறார். "பங்குனிக் கொடை வரைக்கும் வாரேன். மாடனுக்கு ஒரு மால போட்டுக்கிடுதேன். அதுக்கு மேல என்னையக் கூப்பிடாத" என்றார். மாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் ஏழே வாரம். உனக்கு லீவு ஆவணியில்.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவரே அதற்குப் பயந்துதான் சூடம் அணைக்கச் சொன்னார். பத்து நாள் வந்தாலும் போதும் என்று எழுத நினைத்தேன். பத்து நாள் கழித்து நீ திரும்பும்போது என்ன ஆகும் என்று நினைத்தால் அதையும் எழுதக் கை வரவில்லை. நீயும் தங்கச்சியும் உட்கார்ந்து பேசுங்கள். உன்னால் எது முடியுமோ அது.

இதைப் படித்ததும் அவருக்கு அடித்து, உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டுவிடாதே. கேட்டால் எனக்கும் அவருக்கும் இருக்கிற பேச்சும் அறுந்துபோகும், வண்டியில் ஏற்ற ஆள் இருக்காது. லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்று மட்டும் சொல். எந்த நாள் என்று சொல். பார்க்கலாம், முயற்சி செய்கிறேன் என்று சொல்லாதே, அதை அவர் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தேதியைச் சொன்னாய் என்றால் அந்தத் தேதி வரைக்கும் மனுஷன் வண்டியில் ஏறுவார். அது கொடை தாண்டிய தேதியாக இருந்தாலும் சரிதான், ஏறுவார். எனக்கு அவரைத் தெரியும்.

மற்றபடி வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் தங்கச்சியும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அந்த மாடன் காவல் நிற்கட்டும்.

ஒரு தேதி சொல் மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இல்லாத
இசக்கிமுருகன்