அண்ணி அளந்த அம்பாரம்

எதுலயும் முந்திக்கிற என் அண்ணிக்கு,

நாளைக்கு உங்க படத்திறப்பு. பேசப் போறவங்க எல்லாம் உங்களை "அமைதியான மருமக"ன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு இப்பவே பத்திக்கிட்டு வருது. அன்னைக்கு இவங்க யாராவது களத்துல இருந்தாங்களா?

ஆட்சி மாறி, குத்தகைக்காரனுக்குச் சட்டம் வந்துடுச்சுன்னு மேடையில பேசிக்கிட்டிருந்த காலம். எங்க வயலுக்கு அது வந்து சேரலை. நீங்க கல்யாணமாகி வந்த முதல் அறுவடை. அப்பா குவிச்ச நெல் அம்பாரத்து மேல மிராசுதாரோட புது ஏஜென்ட், யார் கை வச்சாலும் தெரியணும்னு சாம்பல் குறி போட்டார். பங்கு பிரிக்கிற வரைக்கும் குறி கலையக் கூடாது. அதனால உள்ளே ஒரு குச்சிகூடச் சொருகாம, அடியைச் சுத்தி ஒரு கயிறு, தரையிலேருந்து உச்சிக்குச் சரிவோட ஒரு கயிறு பிடிச்சு, முடிச்சுப் போட்டு எடுத்துக்கிட்டார். கூம்புக் கணக்குப் போட்டு இத்தனை கலம் தேறும்னார்.

பங்கு பிரிக்கிற அன்னைக்கு மரக்காலால அளந்தா, அவர் சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வந்துச்சு. "திருடிட்டு மறுபடி குறி போட்டிருக்கே. நிலத்தை விட்டு இறங்கு"ன்னார். திருட்டுப் பட்டத்தோட எந்த ஊர்ல போய் நிலம் கேக்கறது?

நீங்கதான் முன்னால வந்தீங்க. "நடுவுல ஒரு மூங்கில் கழி நட்டு, அதே நெல்லைத் திரும்பக் குவிக்கச் சொல்லுங்க."

குவிச்சாங்க. அவர் கயிற்றையே வாங்கிச் சுத்திப் பிடிச்சீங்க, முடிச்சு சரியா வந்துச்சு. சரிவுல பிடிச்சீங்க, அதுவும் சரி.

"நெல்லு குறையலைங்க. நீங்க அளந்தது சரிவு. உயரம் இந்தக் கழியில இருக்கு." உச்சி நின்ன இடத்துல சுண்ணாம்பு வச்சு, கழியைப் பிடுங்கிக் கயிற்றைப் பக்கத்துல வச்சீங்க. கயிறு முழக்கணக்குல மிஞ்சுச்சு.

"பிசகிடுச்சு" அப்படின்னு ஏஜென்ட் முனகினார். மன்னிப்பா? அதெல்லாம் ஏது. ஆனா நிலம் நம்மகிட்டயே இருந்துச்சு. நாத்தனார்னா எடக்குப் பேசணும்பாங்க, உங்ககிட்ட மட்டும் எனக்கு வரவே இல்லை அண்ணி. அவ்வளவு பெருமை.

இப்ப மெஷின் அறுக்குது, அம்பாரமே கிடையாது. பேத்திக்குக் கூம்புப் பாடம் வந்தா தட்டுல அரிசியைக் குவிச்சு உங்க கதையைத்தான் சொல்லிக் கொடுக்கறேன்.

நம்ம வீட்டுல பொம்பளைங்க கடைசியிலதான் சாப்பிடுவோம். அன்னைக்கு ராத்திரி அப்பா இலையில உக்காரலை. "முதல்ல என் மருமக சாப்பிடட்டும்"னு நின்னுக்கிட்டே இருந்தார். நீங்க தலை குனிஞ்சு சாப்பிட்டீங்க, அவர் தண்ணி ஊத்தினார். மறுநாளே பழைய வழக்கம் திரும்பிடுச்சு, அதை நாம கேக்கவும் இல்லை.

நாளைக்குக் கேக்கறேன். முதல் பந்தியில நம்ம வீட்டுப் பொம்பளைங்க உக்காருவாங்க, அண்ணன் பரிமாறுவார். இது சத்தியம்.

உங்களோட ஒரு நாளும் முதல் பந்தியில சாப்பிடாத,
உங்க நாத்தனார்