சூப்பர்வைசர் மேடத்தைத் தூக்கிப் போட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் ஜூடோ வகுப்புக்குப் போகிறேன் என்றேனே, ஞாயிற்றுக்கிழமை முதல் போட்டி. எதிரே வந்து நின்றது எங்கள் சூப்பர்வைசர் மேடம்! அவரும் ஜூடோ பழகுகிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இரண்டு வருடமாக அவர் முன்னால் நான் வாயே திறந்ததில்லை. ஆனால் என் சட்டையைப் பிடித்த அவர் கை நடுங்கியது. அட, இவருக்கும் பயம்! இடுப்பைக் கொடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அடுத்த ஆட்டத்தில் வேறொருத்தி என்னைப் பத்தே நொடியில் கவிழ்த்தாள். கட்டைவிரல் லேசாகச் சுளுக்கியது, அவ்வளவுதான். பயப்படாதே.

மறுநாள் மேடத்திடம் நேரே போனேன். "ரெண்டு வருஷமா லீவே எடுக்கல மேடம். ஒரு மாசம் ஊருக்குப் போகணும்" என்றேன். குரல் பிசிறவே இல்லை, அம்மா.

அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "இத முன்னாடியே கேட்டிருக்கலாமே! என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் கேக்கணுமா?" என்று சிரித்தார். கையெழுத்தும் போட்டார்.

என் போர்வையை வெயிலில் காயப்போட்டு வை. வந்த அன்று சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடாதே. நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே இரு, போதும். இங்கே நாள் முழுக்க மெஷின் சத்தம்தான்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. பதினெட்டாம் தேதி வருகிறேன், அம்மா!

உன் மகள்